நாணமும் நோயும்

மக்கள் தம் உடம்பின் துன்பங்களைப் பேசுமிடத்து ஒரு வரம்பு கட்டிக்கொண்டிருக்கின்றனர். தலைவலியையும் பல்வலியையும் வழியிற் கண்டாரிடமெல்லாம் கூறுவர். வயிற்றுவலியை வீட்டாரிடம் கூறுவர். சிறுநீர் பற்றிய துன்பமாயின் உடன்பிறந்தாரிடத்தும் வாய் திறவார். இவ்வடக்கத்தை நாணம் என்றும் நல்லொழுக்கம் என்றும் உலகம் போற்றுகின்றது. ஆயின் அந்நாணம் எம் இல்லத்தில் ஓர் உயிரை விழுங்க இருந்தது. மருத்துவம் பயிலும் இளம்பெண் ஒருவர் வினவிய எளிய வினா ஒன்றே அவ்வுயிரைக் காத்தது. அவ்வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதலாமா என எம் இளவலைக் கேட்டோம். "தாராளமாய் எழுதுங்கள் அண்ணா, என் பெயரை மட்டும் போடவேண்டாம்" என்றான். "பெயரைப் போடாவிட்டாலும் தெரிந்தவர் அறிந்துகொள்வரே" என்றோம். "அறிந்துகொண்டால் அவர்களுக்கு நல்லது" என்றான். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

சென்னைக்கு மேற்கே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என நிலையங்கள் வரிசையாய் அமைந்துள்ளன. முன்னாளில் ஏரியும் கழனியுமாய் விளங்கிய இந்நிலம் 1960களில் தொழில் நிலமாயிற்று. ஆவடியில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அப்பத்தாண்டிலேயே அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அப்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் எம் இளவல் லேத்து ஓட்டுபவன். யாம் ஆவடியிற் குடியிருந்து ஆசிரியத்தொழில் புரிகின்றோம். காலை வண்டியில் இருவரும் ஒன்றாய்ப் புறப்படுவோம்; அவன் பட்டரவாக்கத்தில் இறங்கிக்கொள்வான். அவன் புகையிலை தொடாதவன், மதுவறியான், ஞாயிறுதோறும் கோயிற் பாட்டுக்குழுவில் உரத்த குரலிற் பாடுபவன். அவனை நோயாளி என்று எவரும் எண்ணியதில்லை.

2016ஆம் ஆண்டு கோடையில், அவனுக்கு முப்பத்தேழு வயது நடந்தபொழுது, இரவு வேலைக்கிடையே பட்டறைக் கழிப்பறையில் மயங்கி வீழ்ந்தான். உடன் வேலை செய்வோர் முகத்தில் நீர் தெளித்து எழுப்பினர். வெயிலின் கொடுமை என்றனர் சிலர். பட்டினி என்றனர் சிலர். அதன்பின் அத்துன்பம் அடிக்கடி வரலாயிற்று. திடீரென்று மண்டை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளிறும், சட்டை நனையுமாறு வியர்க்கும். சில நிமிடங்களில் யாவும் தணிந்து, ஒன்றும் நிகழாததுபோல் இருப்பான். அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் அவனை அமர்த்தி இரத்த அழுத்தம் பார்த்தார். அது சரியாகவே இருந்தது. மற்றொருவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எம் அத்தையார் மட்டும், "உங்க அப்பனுக்கும் இப்படித்தான் குப்பென்று வேர்க்கும், காத்து கறுப்பு பட்ட உடம்பு இது" என்றார். அவர் அறியாமையால் மொழிந்ததாய் எண்ணி யாம் நகைத்தோம். பின்னர் அந்நகைப்பை நினைந்து நினைந்து வருந்தினோம்.

எம் குற்றம் அவ்வளவில் நிற்கவில்லை. ஒரு மாலை அம்பத்தூர் ஏரிக்கரை வழியே இருவரும் நடந்து வந்தோம். அவன் நெடுநேரம் வாளாவிருந்து பின்னர், "அண்ணா, சொல்ல வெட்கமாயிருக்கிறது. அது எப்போதும் வருவதில்லை, ஒன்றுக்குப் போகும்போதுதான்..." எனத் தொடங்கினான். யாம் அவனை முடிக்க விடவில்லை. நடுவழியில் இஃதென்ன பேச்சு என்னும் கூச்சம் எம்மைப் பற்றிக்கொண்டது. "இரவு வேலையைக் குறை, நன்றாய்த் தூங்கு, எல்லாம் சரியாகும்" என்று கூறிப் பேச்சை மாற்றினோம். அவனும் அதன்பின் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நோயின் பெயரையே ஒத்ததொரு சொல்லை அவன் எம் கையில் வைத்தான். யாம் அதனைக் கீழே போட்டோம். இரண்டாண்டுகள் கழிந்தன.

2018ஆம் ஆண்டில் ஒருநாள் அவன் சிறுநீர் செந்நிறமாய் இறங்கியது. வலி சிறிதுமில்லை. இம்முறை நாணம் அச்சத்துக்குத் தோற்றது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் சிறுநீர்ப்பையின் சுவரில் நெல்லிக்காயளவு கட்டி இருப்பது தெரிந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவனைச் சேர்த்தோம்.

அங்கிருந்தோர் முதலிற் கருதியது சாதாரணமாய்க் காணப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயையே. அவ்வாறு கருதியதில் பிழையில்லை. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் காணல் அந்நோயின் முதற்குறி. சிறுநீர்ப்பைக் கட்டிகளுள் மிகப் பெரும்பாலான அதன் உள்ளுறைத் தோலிலிருந்து எழுவனவே. அவற்றுக்குப் புகைபிடித்தல் தலையாய காரணம். தொழிலும் காரணமாதலுண்டு. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் என்பார், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தோர்க்குச் சிறுநீர்ப்பையிற் கட்டி தோன்றுவதை 1895இல் எடுத்துரைத்தார். ஆதலின் எம் இளவலை, "பீடி சிகரெட்டு உண்டா? சாயப் பட்டறையில் வேலை செய்ததுண்டா?" என்று வினவினர். இரண்டும் இல்லை என்றான். எவரும் வேறு வினா வினவவில்லை. அவனும் வேறொன்றும் கூறவில்லை.

இத்தகைய கட்டிகளைக் காண்பதற்குரிய கருவி சிஸ்டாஸ்கோப் என்பது. சிறுநீர் வழியே உட்செலுத்தி, நீர்ப்பையின் உட்புறத்தை விளக்கொளியிற் காணும் இக்கருவியை மாக்ஸ் நிட்சே என்னும் மருத்துவர் 1879இல் வியன்னா மாநகரில் அறிஞர்க்குக் காட்டினார். இந்நாளில் அதன் வழியே மின்கம்பி வளையத்தைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுக்கின்றனர். வயிற்றைக் கீறாமலே முடியும் வேலை. அவ்வாறு செய்ய நாளும் குறித்தாயிற்று.

குறித்த நாளுக்கு முதல்நாள் மாலை. வார்டில் விளக்கேற்றும் வேளை. மேற்படிப்புப் பயிலும் இளம் மருத்துவ அம்மையார் ஒருவர் மறுநாள் சிகிச்சை பெறுவோரை ஒவ்வொருவராய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். எம் இளவலின் தாள்களைப் புரட்டி முடித்த பின்னர் எழுந்து போய்விடவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா, ஒன்றுக்குப் போகும்போது உடம்புக்கு என்ன செய்கிறது? வெட்கப்படாமல் சொல்லுங்கள்" என்றார்.

அவன் எம்மை நோக்கினான். யாம் தலை குனிந்தோம். பின்னர் அவன் கூறத் தொடங்கினான். "மண்டைக்குள்ளே தவில் அடிக்கிறாற்போல் இருக்குதம்மா. நெஞ்சு தொண்டைக்கு வருகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் கண்ணிருட்டிக் கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இரண்டு வருஷமாய் இப்படித்தான்."

அம்மையார் எழுதுவதை நிறுத்தினார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொணர்ந்து அளந்தார், 130க்கு 84. "நீர் முட்டும்போது சொல்லுங்கள்" என்று கூறிக் காத்திருந்தார். அவன் கழிப்பறைக்குச் சென்று வெளிறிய முகத்தோடு மீண்டதும் அவ்விடத்திலேயே அமர்த்தி மறுபடியும் அளந்தார், 230க்கு 130. கால் மணி நேரத்தில் அது மீண்டும் முன்போலத் தணிந்தது. அம்மையார் ஒன்றும் பேசாமல் தம் ஆசிரியரைத் தேடி விரைந்து சென்றார். மறுநாட் காலைச் சிகிச்சை நிறுத்தப்பெற்றது.

அன்று யாம் கற்றுக்கொண்டதைப் படிப்போர்க்கு விளங்குமாறு கூறுவோம். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலைமேலும் தொப்பிபோல அட்ரினல் சுரப்பி அமர்ந்துள்ளது. அச்சமோ வெகுளியோ தோன்றுங்கால் நெஞ்சைத் துடிக்கச் செய்து குருதிக் குழாய்களைச் சுருக்கும் சாற்றை அதன் உட்பகுதி சுரக்கின்றது. அவ்வினத்து உயிரணுக்கள் அச்சுரப்பியில் மட்டுமன்றி, கழுத்து முதல் அடிவயிறு வரை நரம்புத் தொடர்களை ஒட்டி ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. சிறுநீர்ப்பையின் சுவரிலும் உள. அவற்றிலிருந்து எழும் கட்டி அட்ரினல் சுரப்பியில் தோன்றின் ஃபியோகுரோமோசைட்டோமா எனவும், பிறவிடத்துத் தோன்றின் பாரகாங்கிலியோமா எனவும் பெயர்பெறும். எம் இளவலுக்கு இருந்தது சிறுநீர்ப்பையின் பாரகாங்கிலியோமா. நீர்ப்பை நீரை வெளியேற்றச் சுருங்குந்தோறும் கட்டி நசுங்கிற்று. நசுங்குந்தோறும் அச்சாறு குருதியிற் பாய்ந்தது. அவன் ஒன்றுக்குப் போன ஒவ்வொரு முறையும் அவன் உடம்பு, புலியைக் கண்டவன் உடம்பு பட்ட பாட்டைப் பட்டது. அமர்ந்திருக்கும்பொழுது அளந்தவர்க்கு அது தெரியாதது வியப்பன்று.

இந்நோய் மிக அரியது. சிறுநீர்ப்பைக் கட்டிகள் பதினாயிரம் எடுத்தால் அவற்றுள் ஐந்தாறே இவ்வினத்தன எனக் கணக்கிட்டுள்ளனர். மருத்துவ நூல்களில் இது முதன்முதற் குறிக்கப்பெற்றதே 1953இல் தான். இதனை அறியாது மின்வளையத்தாற் சுரண்டியிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்று பெரிய மருத்துவரை வினவினோம். "கட்டியைத் தொட்டவுடன் அழுத்தம் முந்நூற்றையும் தாண்டலாம், மூளையில் இரத்தம் கசியலாம், இதயம் நிற்கலாம். முன்னதாகவே தெரிந்திருந்தால் அத்தனைக்கும் வழியுண்டு" என்றார். அவ்விரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஏரிக்கரையிற் பாதியில் நின்ற அவன் பேச்சே செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இக்கட்டியின் பழைய வரலாறும் ஏறத்தாழ இதுபோன்றதே. ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் மின்னா ரோல் என்னும் பதினெட்டு வயதுப் பெண் படபடப்பும் தலைவலியும் வெளிறுதலுமாய் வருந்தி உயிர்நீத்தாள். அவள் உடலை ஆராய்ந்து இரு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டி இருந்ததை 1886இல் பெலிக்ஸ் பிரெங்கல் என்பார் எழுதிவைத்தார். குரோமிய உப்புப் பட்டால் இக்கட்டி கருநிறம் அடைவதைக் கொண்டு 1912இல் லுட்விக் பிக் என்பார் இதற்குப் பெயரிட்டார். 1926இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சேசார் ரூ என்பாரும், அதே ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் மேயோ என்பாரும் இத்தகைய கட்டியை அறுத்து நீக்கி நோயாளியைப் பிழைக்கச் செய்தனர். இன்ன கட்டி என்று முன்னரே தெளியாமலே அவர்கள் கத்தியை எடுத்தனர். அவ்விருவர் பிழைத்தது பெரும்பேறே. அக்காலத்தோர்க்குத் தற்செயலாய்க் கிட்டியதை இக்காலத்தோர் முறையாகச் செய்கின்றனர். அம்முறையை யாம் அடுத்த சில வாரங்களிற் கண்ணாரக் கண்டோம்.

முதலில் ஐயத்தைத் துணிவாக்க வேண்டும். அச்சாறு உடம்பிற் சிதைந்து உண்டாகும் மெட்டாநெப்ரின் என்னும் பொருளைக் குருதியிலோ, ஒருநாள் முழுதும் சேர்த்த சிறுநீரிலோ அளப்பது வழக்கம். எம் இளவலைச் சிறுநீர் சேர்க்கப் பணித்துப் பெரிய கேன் ஒன்றைக் கொடுத்தனர். ஒருநாள் இல்லம் சென்று அதனை நிரப்பி, மறுநாட் காலை ஆவடியிலிருந்து நெரிசல் மிக்க வண்டியில் அதனைத் துணிப்பையில் இட்டு யாமே தூக்கிச் சென்றோம். "என்ன சார், பாலா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். முன்னாளாயின் நாணத்தாற் பொய் கூறியிருப்போம். "தம்பியின் சிறுநீர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்" என்றோம். அவர் உடனே விலகி இடம் கொடுத்தார். அன்றுதான் எம் நாணம் முதன்முதல் முறிந்தது. அளவு இயல்பினும் பன்மடங்கு மிகுந்திருந்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் கட்டி நீர்ப்பைச் சுவரின் தசைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று பார்த்தனர். அவ்வினத்து உயிரணுக்கள் விரும்பி உட்கொள்ளும் பொருளொன்றிற் கதிரியக்க அயோடின் சேர்த்து ஊசியாற் செலுத்தி, உடம்பில் வேறெங்கேனும் கட்டி ஒளிர்கின்றதா என்றும் தேடினர். வேறெங்கும் இல்லை.

அடுத்தது ஆயத்தம். பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தனர். மயக்க மருத்துவர் அதன் கருத்தை எமக்கு விளக்கினார்: "நெடுநாளாய் இவர் குருதிக் குழாய்கள் சுருங்கியே கிடக்கின்றன, ஆதலால் உள்ளே ஓடும் நீரின் அளவும் குறைந்துவிட்டது. முதலில் ஆல்பா தடுப்பு மருந்தால் குழாய்களை விரிக்கிறோம். பின் உப்பும் நீரும் கொடுத்து நிரப்புகிறோம். அதன்பிறகே, தேவைப்பட்டால், இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா மருந்து. இந்த வரிசை மாறினால் அழுத்தம் இன்னும் ஏறிவிடும்." அழுத்த நோயாளிக்கு உப்பே ஆகாது என்று கேட்டுப் பழகிய எம் அத்தையார், ஊறுகாயும் கருவாடும் தாராளமாய் உண்ணுமாறு மருத்துவர் பணித்ததைக் கண்டு, "இது என்ன வைத்தியமோ!" என்று வியந்தார். மாத்திரையால் எம் இளவலுக்கு மூக்கடைத்தது; எழுந்து நின்றால் தலை சுற்றியது. மருந்து வேலை செய்வதற்கு அதுவே அடையாளம் என்றனர். ஒன்றுக்குப் போனாலும் தவிலோசை கேட்கவில்லை என்று அவன் கூறிய நாளன்று அவன் மனைவி விம்மி அழுதாள்.

அறுவை நாளன்று அவனை உள்ளே அழைத்துச் சென்றபின் யாம் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். உள்ளே நிகழ்ந்ததைப் பின்னர்க் கேட்டறிந்தோம். கட்டி தசைக்குள் ஊன்றியிருந்ததால் உள்வழியே சுரண்டாமல், அடிவயிற்றைக் கீறி, கட்டியையும் அதனைச் சூழ்ந்த நீர்ப்பைச் சுவரின் ஒரு பகுதியையும் ஒருசேர நீக்கி, எஞ்சிய பையை இரண்டடுக்காகத் தைத்தனர். கட்டியைக் கையாலசைத்த ஒவ்வொரு முறையும் அழுத்தம் பாய்ந்தேறிற்று. மயக்க மருத்துவர், "நிறுத்துங்கள்" என்பார். அறுப்பவர் கையெடுத்துக் காத்திருப்பார். அது தணிந்தபின் மீண்டும் தொடங்குவார். கட்டியினின்று குருதி செல்லும் நாளத்தைக் கட்டியவுடன் நேர்மாறாக அழுத்தம் வீழ்ந்தது. அதனை உயர்த்த வேறு மருந்து கொடுத்தனர். மூன்று மணி நேரம் கத்திக்கும் மருந்துக்கும் இடையே நிகழ்ந்த இவ்வுரையாடலே அவனைக் காத்தது. பத்து நாளுக்கு மேல் சிறுநீர்க் குழாயோடு கிடந்தான். குழாயை எடுத்த அன்று தானே நடந்து கழிப்பறைக்குச் சென்றான். யாம் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளிருந்து மெல்லப் பாட்டொலி கேட்டது.

ஆய்வுக்கூடத்தார் முடிவு எதிர்பார்த்தபடியே வந்தது. ஆயினும் மருத்துவர், "குணமாயிற்று, போங்கள்" என்று அனுப்பிவிடவில்லை. இவ்வினக் கட்டிகளைத் தீங்கற்றவை, தீங்குள்ளவை என இருகூறாகப் பிரிக்கும் பழைய வழக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு வகைப்பாடு கைவிட்டது. எக்கட்டியும் பரவக்கூடும் என்பதே அதன் கருத்து. ஆதலின் வாழ்நாள் முழுதும் ஆண்டுதோறும் சோதனை வேண்டும் என்றார். மற்றுமொன்று கூறினார்: "இக்கட்டி உடையவர் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு இது மரபு வழியாக வருகிறது. உங்கள் குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா?"

யாம் மீண்டும் தலை குனிந்தோம். எம் தந்தையார் 1989இல் நாற்பத்தோராம் வயதிற் காலமானார். எமக்கு அப்போது பதின்மூன்று வயது. எம் இளவலுக்குப் பத்து. நள்ளிரவில் கொல்லைக்கு ஒன்றுக்குச் சென்றவர் மீளவில்லை. கிணற்றருகே வீழ்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றனர் கற்றோர். காற்று அடித்தது என்றனர் மற்றோர். அவருக்கும் இக்கட்டி இருந்ததென்று இன்று எவராலும் கூறவியலாது. ஆயினும் அத்தையார் சொல்லிய, "குப்பென்று வேர்க்கும்" என்னும் சொல் எமக்கு நினைவு வந்தது. இல்லத்தில் அதனை அறிந்திருந்தவர் அவர் ஒருவரே. கேட்டு நகைத்தவர் கல்வி கற்ற யாம்.

எம் இளவலின் குருதியை ஆராய்ந்ததில் எஸ்.டி.எச்.பி. என்னும் மரபணுவில் எழுத்துப்பிழை ஒன்று காணப்பட்டது. அதனை உடைய பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. எம் குருதியையும் கொடுத்துவிட்டு ஒரு திங்கள் காத்திருந்தோம். எம்மிடத்தும் அப்பிழை உளது. பிழை உடையார் எல்லார்க்கும் கட்டி தோன்றுவதில்லை; பலர் கட்டியின்றியே வாழ்ந்து முடிப்பர். எம் உடம்பில் இதுகாறும் ஒன்றும் காணப்படவில்லை. ஆண்டுதோறும் அண்ணனும் தம்பியுமாய்ச் சோதனைக்குச் சென்று வருகின்றோம். முன்னர் கூறிய மின்னா ரோலின் கதையும் இவ்வாறே முடிந்தது: அவள் குடும்பத்தின் வழிவந்தோரை ஆராய்ந்த மருத்துவர்கள், வேறொரு மரபணுவின் பிழை அக்குடியில் ஓடிவருவதை 2007இல் வெளியிட்டனர். நூற்றிருபது ஆண்டுகளுக்குமுன் இறந்தவள் பேசாததை அவள் குடியின் குருதி பேசிற்று. எம் தந்தையார் பேசாததை எம் குருதி பேசுகின்றது.

சிறுநீர் உறுப்புகளில் தோன்றும் அரிய கட்டிகள் வேறும் உள. கருவிலிருக்கும்பொழுது தொப்புளையும் நீர்ப்பையையும் இணைத்த யுராகஸ் என்னும் குழாயின் எச்சத்தில் ஒருவகைப் புற்று எழும்; நீர்ப்பையின் முடிப்பகுதியையும் அக்குழாயையும் தொப்புளையும் ஒருசேர நீக்குவர். ஆண்குறியில் எழும் புற்று மேனாடுகளில் மிக அருகியது. நம் நாட்டில் அத்துணை அருகியதன்று. தொடக்கத்திற் காட்டினால் உறுப்பை இழவாமலே குணப்படுத்தலாம். மறைத்து வைத்து, நோய் அரைக்கு ஏறியபின் வருவோரே பலர். விரையிலெழும் புற்று இக்கல்லூரி மாணாக்கர் வயதினரையே பெரிதும் நாடுவது. வலியற்ற சிறு தடிப்பே அதன் குறி. காலத்திற் கண்டால் ஏறத்தாழ எல்லாரும் பிழைப்பர். பரவியபின்னும் பெரும்பாலோர் பிழைக்கும் நிலை 1970களில் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தால் வந்தது. இவை யாவும் தம் வருகையை முன்னரே அறிவிப்பன. அவ்வறிவிப்பை வாயால் சொல்ல நாணுகின்றோம். சொன்னால் கேட்க நாணுகின்றோம்.

நாணத்தால் உயிர் போவதைக் கண்டு வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட ஒருவரை மிஷன் கல்லூரியிற் பயின்றோர் மறத்தலாகாது. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாய்த் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் இருந்தபொழுது, ஓரிரவில் மூவர் தனித்தனியே வந்து பிள்ளைப்பேற்றில் வருந்தும் தம் மனைவியர்க்கு உதவி வேண்டினர். மருத்துவரான அவர் தந்தையார் ஆடவர் என்பதால் அவரை அழைத்துச்செல்ல மறுத்தனர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே அவரை மருத்துவம் பயில அனுப்பியது. 1900இல் மீண்டு வந்து வேலூரில் அவர் தொடங்கிய சிறு பணி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று; சிறுநீரகத்தை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவர்க்குப் பொருத்தும் அருஞ்செயல் 1971இல் அங்கு நிகழ்ந்தது. அவர்க்கும் முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். நோயாளியின் மொழியறியாத மருத்துவன் பாதி குருடன் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். எம் இளவலின் நோய்க்குத் தமிழிற் பெயரில்லை. ஆயினும், "மண்டைக்குள்ளே தவில்" என்று அவன் கூறிய தமிழே அந்நோயைக் காட்டிக் கொடுத்தது.

மாணாக்கர்காள்! நும்முள் மருத்துவராகப் போவோர் சிலர். ஆசிரியராகவும் எழுத்தராகவும் தொழிலாளராகவும் தாய் தந்தையராகவும் போவோர் பலர். மருத்துவராவோர்க்கு எம் விண்ணப்பம் ஒன்றே: ஸ்கேனும் குருதிச் சோதனையும் கண்டபின்னும் நாற்காலியை ஒருமுறை அருகே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இளம் மருத்துவ அம்மையார் மற்றவரினும் மிகுதியாய்க் கற்றவர் அல்லர். மற்றவர் எழுந்து சென்ற இடத்தில் ஒரு நிமிடம் கூடுதலாய் அமர்ந்திருந்தவர். ஏனையோர்க்குக் கூறுவது இது: நும் தம்பியோ தங்கையோ, தாயோ தோழனோ, "சொல்ல வெட்கமாயிருக்கிறது" என்று தொடங்குவாராயின், அச்சொற்களுக்குப் பின்னே அவர் உயிர் நிற்றல் கூடும். அவரை முடிக்க விடுங்கள்.

எம் இளவல் இன்றும் பட்டரவாக்கத்தில் இறங்கி லேத்து ஓட்டுகின்றான், ஞாயிறுதோறும் பாடுகின்றான். சென்ற சோதனையின் முடிவு வந்த அன்று மாலை இருவரும் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடந்தோம். முன்னர் அவன் பேச்சை யாம் நிறுத்திய இடம் வந்ததும் யாமே நின்றோம். "அன்றைக்கு நீ சொல்ல வந்ததை முடி" என்றோம். அவன் நகைத்து, "இப்போது என்ன இருக்கிறது அண்ணா, சொல்வதற்கு?" என்றான். ஆயினும் சொன்னான். பொழுது சாயுமளவும் நின்று முழுதும் கேட்டோம். இறைவன் எமக்கு அவனையும், அவன் சொல்லைக் கேட்கும் செவியையும் ஒருங்கே அருளினான்.